லியாகத் அலி ஊதிய பை

புனேயில் ஔந்து பகுதியில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வருகிறதென்றால் இரண்டு பேருக்குச் சொல்லியாக வேண்டும். ஒருவர் கேக் கடைக்காரர், இன்னொருவர் லியாகத் அலி. பலூன், ஜிகினாத் தோரணம், எண் வடிவத்தில் மெழுகுவர்த்தி, கூம்புத் தொப்பி எல்லாம் அவருடைய கடையில் கிடைக்கும். மேலப்பாளையத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் புனேக்கு வந்தவர். இப்போது ஐம்பத்தாறு. மராத்தியும் ஹிந்தியும் கடைக்குத் தேவையான அளவு பேசுவார். வீட்டுக்கு வந்ததும் செருப்போடு சேர்த்து அந்த இரண்டையும் வாசலில் கழற்றி விட்டுவிடுவார்.

அவருடைய பெருமையெல்லாம் நுரையீரலில் இருந்தது. கடையில் பலூனுக்கு பம்ப் விற்பாரே தவிர, அதைத் தன் கையால் தொட்டதில்லை. மூன்றே மூச்சில் ஒரு பலூன் ஊதிவிடுவார். ஒரு கல்யாணத்துக்காக ஒரே காலையில் இருநூறு பலூன் ஊதிய கதையை எல்லா வாடிக்கையாளர்களும் கேட்டிருந்தார்கள். முதலில் கேட்டவர்களுக்கு மட்டும் அது நூற்றைம்பதாக இருந்தது. சிகரெட் பிடிக்கும் தகப்பன்மார் யாராவது தொப்பி வாங்க வந்தால் தொப்பியோடு ஓர் அரைமணி நேர புத்திமதியும் இலவசமாகக் கிடைக்கும்.

சில மாதங்களாக அந்த மூன்று மூச்சு ஏழாகியிருந்தது. இதை லியாகத் அலி கவனிக்காமல் இல்லை. தீவிரமாக யோசித்து, இப்போது வரும் பலூன்கள் தடிப்பாக இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். சரக்கு அனுப்புகிறவரை இரண்டு தடவை மாற்றினார். இரண்டாவது மாடியில் இருந்த தன் வீட்டுக்கு ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருந்ததற்குக் காரணம், கட்டியவன் படிகளை உயரமாக வைத்துவிட்டது. முப்பது வருஷம் கழித்துத்தான் அந்தத் தவறு அவர் கண்ணில் பட்டது. இருமலைப் பற்றி மனைவி சைனபு கேட்டால், "இருமல் இல்ல, தொண்டையச் சரி பண்ணுதேன்" என்பார். அவர் நாள் முழுக்கத் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டே இருந்தார்.

நுரையீரலுக்கு அடுத்தபடியாக அவர் பெருமைப்பட்டது புறாக்களைப் பற்றி. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பால்கனியில் இரண்டு படி சோளத்தைக் கொட்டுவார். ஔந்தில் உள்ள அத்தனை புறாவும் வந்து இறங்கும். அவை போன பிறகு, காய்ந்து கிடக்கும் எச்சத்தைத் தானே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவார். பால்கனி முழுக்கச் சாம்பிராணி போட்டதுபோல் தூசி எழும்பும். கீழ்வீட்டுக்காரர்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று புகார்க் கடிதங்கள் எழுதினார்கள். வாயில்லா ஜீவனுக்கு எதிராக எழுதப்பட்ட கடிதத்துக்குப் பதில் எழுதுவது பாவம் என்று லியாகத் அலி சும்மா இருந்துவிட்டார். சைனபு அந்தப் பால்கனியில் துணி காயப்போடுவதை விட்டு நாலு வருஷமாகிறது.

இவர்களுடைய ஒரே மகள் ஆஃபியா. புனேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்குப் பேசவரும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் எங்காவது ஓரிடத்தில் நின்று வார்த்தை தேடுவாள். புள்ளியியல் படித்துவிட்டு கராடியில் ஒரு புதிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே செய்துகொண்டிருந்த மிஷினின் பெயர் பவன்-2. பவன்-1 என்ன ஆனது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பவன்-2 என்ன செய்யும் என்பதை அவள் வீட்டில் விளக்கினாள். நாம் வெளியே விடும் மூச்சில் நூற்றுக்கணக்கான பொருட்கள் ஆவியாகக் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலில் நோய் வந்தால் அந்தக் கலவை கொஞ்சம் மாறுகிறது. ஒரு பையில் ஊதினால் மிஷின் அதை அலசி நூற்றுக்கு ஒரு மார்க் போடும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் பச்சை விளக்கு, மேலே போனால் சிவப்பு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனைப் போலீஸ்காரர் ஊதச் சொல்வாரே, அதேமாதிரிதானா என்று லியாகத் அலி கேட்டார். அதேமாதிரிதான், ஆனால் போலீஸ்காரர் ரொம்பப் படித்தவர் என்றாள் மகள்.

மிஷினுக்கு நோயாளியின் மூச்சு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், நல்ல மூச்சு எப்படி இருக்கும் என்றும் காட்ட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய, புகைபிடிக்காத ஆரோக்கியமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆஃபியா இதைச் சொல்லி முடிப்பதற்குள் லியாகத் அலி சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்.

கம்பெனியை ஆரம்பித்தவன் ராகவேந்திரா. தார்வாட்காரன், முப்பத்து மூன்று வயது, வெளிநாட்டில் படித்தவன். நாற்காலியில் உட்காராமல் பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்கார்ந்து பேசுவான். ஊதும் பையை லியாகத் அலி கையில் கொடுத்ததும், மற்றவர்கள் திணறித் திணறி நிரப்பும் அந்தப் பையை அவர் கழுத்து நரம்பு புடைக்க ஊதி, முடிச்சுப் போடவும் பார்த்தார். அவர் பலூன்காரர் என்று தெரிந்ததும் ராகவேந்திராவுக்குப் பந்திலேயே இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் ஒன்பது நாளில் மும்பையிலிருந்து முதலீட்டாளர்கள் வரப்போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஊத இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? அன்று மாலையே அவர் பலூன் ஊதும் வீடியோவை எடுத்து அழைப்பிதழோடு அனுப்பிவிட்டான். 'ஆரோக்கியர் நம்பர் ஒன்' என்று அதற்குத் தலைப்பு.

மறுநாள் பவன்-2 அவருக்கு நாற்பத்தாறு மார்க் போட்டது. சிவப்பு விளக்கு.

ராகவேந்திரா சிரித்தான். அங்கிள் போட்டிருக்கும் அத்தர்தான் காரணம் என்றான். அத்தர் போடாமல் மறுபடி வந்தார். நாற்பத்தேழு. பலூன் ரப்பரின் வாசனை நுரையீரலில் ஒட்டியிருக்கும் என்றார்கள். இரண்டு நாள் பலூனைத் தொடாமல், கடையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். நாற்பத்தாறு. பிறகு புதினா, பூண்டு, ஆரஞ்சு, முட்டை, வீட்டில் தரை துடைக்கும் மருந்து என்று ஒவ்வொன்றாக விலக்கினார்கள். சைனபு வெறும் கஞ்சி வைத்துக் கொடுத்து, தரையைப் பச்சைத் தண்ணீரில் துடைத்து, இன்னும் எதை விட வேண்டும் என்று கேட்டு மகளிடம் எழுதி வாங்கிக்கொண்டாள். ஐந்தாவது தடவையும் பவன்-2 நாற்பத்தாறிலேயே நின்றது.

இவ்வளவு நுட்பமான மிஷினைச் செய்தவர்களில் அது சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆஃபியாவுக்கு மட்டும் தோன்றியது. அவள் அதைக் கூட்டத்தில் சொன்னாள். ஒரு தனி மாதிரியை வைத்து உணர்ச்சிவசப்படக் கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. அது தன்னுடைய வாப்பா என்று சொன்னாள். அதனால்தான் சொல்கிறோம் என்றார்கள்.

முதலீட்டாளர்கள் வந்த நாளில் லியாகத் அலி பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மேடையில் முதலில் ஒரு பலூன் ஊதினார். எட்டு மூச்சு பிடித்தது, ஆனால் கைதட்டலில் யாரும் எண்ணவில்லை. பிறகு பையில் ஊதினார். திரையில் நாற்பத்தேழு என்று வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. திரும்பி வரும் வழியில் அவர் இரண்டு கிலோ பர்ஃபி வாங்கி, கடைத்தெரு முழுக்க விநியோகித்தார். புகார் எழுதிய கீழ்வீட்டுக்காரர்களுக்கும் கொடுத்தார். அன்றிலிருந்து அவருடைய புத்திமதி அரைமணியிலிருந்து முக்கால் மணியாயிற்று.

அந்த வாரம் ஆஃபியா உம்மாவிடம் தனியாக உட்கார்ந்து என்னவோ பேசினாள். அடுத்த திங்கட்கிழமை காலையில் சைனபு தனக்கு முட்டிவலி தாங்கவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று புருஷனிடம் சொன்னாள். லியாகத் அலி முட்டிக்கு நடைதான் மருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் ப்ரியம்வதாவின் அறை வாசலில் மாட்டியிருந்த பலகையை அவர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் அங்கே முட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று தெரிந்திருக்கும். உள்ளே போனதும் சைனபு நோயாளி நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"முட்டி எனக்கில்ல. உக்காருங்க" என்றாள். "நாலு மாசமா இருமுதிய. நடுப்படியில நின்னு செவுத்தப் புடிக்கிய. நான் சமையக்கட்டுல இருந்தே எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

டாக்டர் அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஓரிடத்தில் வெகுநேரம் நிறுத்தினார். ஷூவின் ஒட்டுப்பட்டியைப் பிரிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கிறது என்றார். லியாகத் அலி தன் ஆரோக்கியத்துக்குப் பவன்-2 கொடுத்த சான்றைப் பற்றி விரிவாகச் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் பறவை ஏதும் வளர்க்கிறீர்களா என்று ஹிந்தியில் கேட்டார்.

"வளர்க்கல. அதுவா வரும்."

"எத்தனை?"

"எண்ணினதில்ல. ஒரு இருநூறு இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து ஒரு வாரத்தில் விஷயம் தெளிவாயிற்று. காய்ந்த புறா எச்சத்தின் தூசி வருஷக்கணக்கில் உள்ளே போய், நுரையீரல் அதை எதிரியாக நினைத்து வீங்கியிருக்கிறது. சில இடங்களில் தழும்பு விழுந்துவிட்டது. வீக்கம் மாத்திரையில் குறையும், தழும்பு போகாது. புறா பக்கமே போகக் கூடாது. லியாகத் அலி பேரம்பேசிப் பார்த்தார். சாம்பல் நிறப் புறா மட்டுமா, வெள்ளைப் புறாவுமா என்று கேட்டார். இறகு உள்ள எதுவும் கூடாது, தலையணை உட்பட என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வரும் ஆட்டோவில், கூட வந்திருந்த மகளிடம் திரும்பினார். மெதுவாகக் கேட்டார். மிஷின் பச்சை காட்டியதே, அப்படியென்றால் அது பொய் சொன்னதா?

ஆஃபியா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மிஷின் பொய் சொல்லல வாப்பா. அது எப்பவும் உங்களுக்கு... நாப்பத்தாறு, நாப்பத்தேழுதான். அவங்க லைனை நகர்த்திட்டாங்க. நாப்பதுல இருந்த லைனை அம்பதுக்கு."

"எனக்காகவா?"

"டெமோவுக்காக."

லியாகத் அலிக்கு நோய் வந்ததைவிட இது வலித்தது. இல்லாத ஆரோக்கியத்துக்காக இரண்டு கிலோ பர்ஃபி கொடுத்திருக்கிறார். கடைத்தெருவில் இனி எந்த முகத்தோடு நடப்பது என்று நினைத்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் ஆஃபியா. "ரஞ்சன்காவ்ல முன்னாடி ஒரு கேம்ப் வச்சோம். இரும்பு வார்க்கிற ஃபாக்டரி. நானூறு பேர் ஊதினாங்க. அதுல பதினேழு பேரு நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல. லைன் நகர்ந்ததும் அவங்களும்... பச்சை ஆயிட்டாங்க. எல்லாருக்கும் நல்லா இருக்கீங்கன்னு காகிதம் போயிடுச்சு."



லியாகத் அலியின் நோய் கம்பெனிக்குத் தெரிந்த இரண்டாம் நாள் ராகவேந்திரா பாக்கர்வடிப் பலகாரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். உட்காரப் பந்து இல்லாததால் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். அங்கிளுக்கு இப்படி ஆனதில் ரொம்ப வருத்தம் என்றான். அதே சமயம் இது ஒரு மகத்தான வாய்ப்பு என்றான். எந்த டாக்டரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால், எந்த அறிகுறியும் வருவதற்கு முன்னால், பவன்-2 அதைக் கண்டுபிடித்துவிட்டது. சமையலறையில் சைனபு பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். ஒரு படம், ஒரு சின்னப் பேட்டி, கையில் ஒரு பலூன், அவ்வளவுதான் வேண்டும் என்றான்.

லியாகத் அலிக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. எந்தக் கோணத்தில் நின்றால் நன்றாக இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டார். பிறகு கேட்டார்.

"எந்த மிஷின் கண்டுபிடிச்சது பேட்டா? நாப்பதுல கோடு போட்டதா, அம்பதுல போட்டதா?"

ராகவேந்திரா ஆஃபியாவைப் பார்த்தான். ஆஃபியா பாக்கர்வடிப் பெட்டியைப் பார்த்தாள்.

கோடு என்பது ஒரு பயணம் என்று அவன் ஆரம்பித்தான். லியாகத் அலிக்கு அந்தப் பயணம் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். அந்தப் பதினேழு பேரையும் கூப்பிட்டு இதே டாக்டரிடம் காட்டட்டும். அதற்கப்புறம் பலூன் என்ன, தலையில் கூம்புத் தொப்பியே வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறேன் என்றார். சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும் என்றான் ராகவேந்திரா. கேளுங்கள், நான் அதுவரை கடைக்கு வருகிற தகப்பன்மாரிடம் பர்ஃபி ஏன் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார் இவர். அந்தத் தகப்பன்மாரில் பாதிப் பேர் கராடியில் இதுபோன்ற கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் என்பது ராகவேந்திராவுக்குத் தெரியும். சட்டப் பிரிவு மறுநாள் காலையிலேயே ஒப்புக்கொண்டது.

வியாழக்கிழமை ரஞ்சன்காவில் ஆலைகளுக்கு விடுமுறை. கம்பெனி ஒரு வேன் கொடுத்தது. டாக்டர் ப்ரியம்வதாவும் ஆஃபியாவும் புறப்பட்டார்கள். அழையாமலே லியாகத் அலியும் ஏறிக்கொண்டார். பதினேழு பேரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். நாலு பேர் வேறு மாநிலத்துக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேருடைய போன் நம்பரில் வேறு யாரோ பேசினார்கள். மிச்சமிருந்த பதினோரு பேர், ஆலைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைகளிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

அதில் பார்வதி என்ற ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். தர்மபுரிப் பக்கம். உருக்கிய இரும்பை ஊற்ற மணலில் அச்சு செய்யும் பிரிவில் ஒன்பது வருஷம். தமிழ் காதில் விழுந்ததும் லியாகத் அலி பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம். கம்பெனி அனுப்பிய சான்று. மேலே பச்சை நிறத்தில் ஒரு நுரையீரல் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அதை லேமினேட் செய்து வைத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே அண்ணா" என்றாள். "மூச்சு முட்டுதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். இதக் காட்டி, உனக்கு வேல செய்ய இஷ்டமில்லன்னுட்டாரு. அவரு சொன்னதும் நியாயமாத்தான் பட்டுச்சு. மிஷினே சொல்லுதே."

தனக்கும் அப்படித்தான் சொன்னது என்றார் லியாகத் அலி. தானும் நம்பியதாகச் சொன்னார். பர்ஃபி கதையைச் சொன்னார். பார்வதி முதலில் சிரித்தாள், பிறகு இருமினாள். அந்த இருமல் அடங்கும்வரை அவர் அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் தன் வீட்டுப் படிக்கட்டில் தினம் கேட்கும் சத்தம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பதினோரு பேரில் ஆறு பேரை ஸ்கேனுக்கு அனுப்பினார் டாக்டர். நாலு பேருக்கு மணல்தூசி நுரையீரலில் படிந்திருந்தது. பார்வதிக்கு ஆரம்பநிலை. தூசியில் இனி ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆலை நிர்வாகத்துக்கு ஆஃபியா ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். பதில் வராததால் இரண்டாவது கடிதத்தின் நகலைத் தொழிலாளர் நலத் துறைக்கும் அனுப்பினாள். அதற்கு மூன்றே நாளில் பதில் வந்தது. பார்வதியைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்ற மூவரில் இருவருக்கும் மாற்றல் கிடைத்தது. ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். காணாமல்போன ஆறு பேரைக் கம்பெனி இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது.

ராகவேந்திரா கோட்டை நாற்பதுக்குத் திரும்பக் கொண்டுவந்தான். அதைப் பற்றி இணையத்தில் நீண்ட கட்டுரை எழுதினான். தவறை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் தங்கள் கம்பெனியின் ரத்தத்திலேயே இருக்கிறது என்பது அதன் சாரம். பதினாலாயிரம் பேர் அதைப் பாராட்டினார்கள். முதலீட்டாளர்களில் ஒருவர் விலகினார், இருவர் புதிதாக வந்தார்கள். ஆஃபியாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கோட்டை நகர்த்தும் கூட்டங்களில் அவள் இருந்தே ஆக வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அவள் கையெழுத்துப் போட்டாள். படமும் எடுத்தார்கள். மாத்திரையால் லியாகத் அலியின் முகம் ஊதிப்போயிருந்ததால், நோய் வந்த பிறகு எடுத்த படத்தில்தான் அவர் ஆரோக்கியமாகத் தெரிந்தார்.

பால்கனியில் சைனபு ஆள் வைத்து வலை அடித்தாள். இரண்டு வாரம் புறாக்கள் வலைக்கு வெளியே வந்து உட்கார்ந்து உள்ளே பார்த்தன. லியாகத் அலி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று அவற்றைப் பார்த்தார். பிறகு அவை அடுத்த கட்டடத்தில் ஒருவர் கோதுமை கொட்டுவதைக் கண்டுபிடித்துப் போய்விட்டன. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அந்த மனிதரைத் தேடிப்போய் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர், வாயில்லா ஜீவன் என்று ஆரம்பித்தார். லியாகத் அலி அதை முழுவதும் கேட்டுவிட்டு, டாக்டர் ப்ரியம்வதாவின் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வியாழக்கிழமை அவருக்குப் பரிசோதனை. அதே நாளில் வரும்படி பார்வதிக்கும் டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார். ரஞ்சன்காவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள் பசியோடு வருவாள் என்று சைனபு இரண்டு டப்பா கட்டிக் கொடுக்கிறாள். போன தடவை பார்வதியின் மூச்சளவு கொஞ்சம் ஏறியிருந்தது, இவருடையது அப்படியே நின்றது. தன்னுடையது நிற்கிறதே என்று அவர் டாக்டரிடம் குறைப்பட்டார். நிற்பதுதான் இந்த நோயில் நல்ல செய்தி என்றார் டாக்டர். வெளியே வந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் டப்பாவைத் திறந்தார்கள். முட்டைக் குழம்பு. பார்வதி சாப்பிட்டுக்கொண்டே, பெட்டி கட்டும் பிரிவில் ஜன்னல் இருக்கிறது, வெளியே வேப்பமரம் தெரிகிறது என்று சொன்னாள்.

"காத்து வருதா?" என்று கேட்டார் லியாகத் அலி.

"வருது அண்ணா."

அவர் தலையாட்டிவிட்டு, தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.